கருமபீடத்தில் விரித்த கிளினிக் கொப்பி



கொக்குவிலில் ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கும் ஓர் உம்மாவின் கதையை முதலில் கேளுங்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, சிறு பிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்குப் போனவர் அவர். யுத்தம் முடிந்தபின் கணவனோடும் பிள்ளைகளோடும் திரும்பி வந்தார். சோனகத் தெருவில் வாப்பாவின் வீடு கூரையின்றிக் கிடந்ததால் கொக்குவிலில் வாடகைக்கு இருந்துகொண்டார். தையல் தைத்துச் சேர்த்த பணத்தில், தானும் மூத்த மகளும் உம்ராவுக்குப் போவதென்று நிய்யத் வைத்து, ஒரு பயண முகவரிடம் முற்பணமும் கட்டினார்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. புறப்பட ஐந்து வாரம் இருக்கையில், பிள்ளைக்கு நீண்ட நாளைக்குப்பின் மறுபடி வலிப்பு வந்தது. வைத்தியர் மருந்தின் அளவை மாற்றி, இரண்டு மாதத்துக்குப் பயணம் வேண்டாம் என்றார். முகவரின் நிபந்தனைத் தாளில், கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்றும், மருத்துவக் காரணமாயின் மட்டும் அடுத்த குழுவுக்கு மாற்றித் தரப்படும் என்றும் இருந்தது. உம்மா பஸ்ஸேறி முகவரின் காரியாலயத்துக்குப் போனார். "ஆதாரம் இருக்கா?" என்றார் கருமபீடத்தில் இருந்த பையன். கையில் இருந்தது மகளின் கிளினிக் கொப்பி ஒன்றுதான். அதைக் கொடுத்தார்.

அந்தப் பையன் கொப்பியை மேசைமேல் விரித்து, பக்கத்தில் ஆட்கள் நிற்க, நான்கு பக்கத்தைத் தன் கைப்பேசியில் படம் பிடித்தான். பிடித்த படங்களை அன்று பின்னேரமே பயணக் குழுவின் வட்ஸ்அப்பில் போட்டு, இந்தக் காரணத்தால் இரண்டு இடம் காலியாகியிருக்கின்றது, யாராவது சேர விரும்பினால் அறியத் தரவும் என்று எழுதினான். கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. இடத்தை நிரப்ப வேண்டும், காரணம் சொன்னால் கேள்வி வராது என்று நினைத்திருப்பான்.

அந்தக் குழுவில் முப்பத்தொரு பேர் இருந்தோம். "இருந்தோம்" என்றுதான் எழுத வேண்டும். வழிகாட்டியாகப் போகவிருந்தவன் நான்.

படம் வந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கி, மருந்தின் பெயர்வரை வாசித்தேன். எனக்கு அது எதற்குத் தேவைப்பட்டது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. இராச் சாப்பாட்டின்போது, "பாவம், அந்தப் பிள்ளைக்கு வலிப்பாம்" என்று வீட்டிலும் சொன்னேன். 'பாவம்' என்று தொடங்கிவிட்டால் எதையும் சொல்லலாம் என்று நமக்கெல்லாம் ஒரு பழக்கம் இருக்கின்றதல்லவா?

அந்தப் பிள்ளைக்கு ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து குடியேறிய நமது சமூகம் சிறியது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'யர்ஹமுகல்லாஹ்' சொல்லும் அளவுக்குச் சிறியது. பத்து நாளில் பேச்சு நின்றது. யார் மூலமாகச் செய்தி போனது என்று நான் தேடப்போகவில்லை. போன வழிகளில் நானும் ஒரு வழியாக இருந்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்கக் கொக்குவிலுக்குப் போனேன். உம்மா தேத்தண்ணி தந்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் மட்டும் சொன்னார்: "நாங்கள் மறைக்கேல்லை மௌலவி. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லத்தான் இருந்தனாங்கள். ஆனா அதை நாங்களல்லோ சொல்லியிருக்கோணும்."

சகோதரிகளே, இந்தப் பேச்சுத்தான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது.

நோய் என்பது குற்றமல்ல; மறைக்க வேண்டிய அசிங்கமுமல்ல. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டென்றும், சரியான மருந்து கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது. அந்தப் பிள்ளையின் நோய் வெளியே தெரிந்தது பெரிய விடயமல்ல என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னதும் இதனால்தான். ஆனால் ஒரு நோய் இன்னொருவருக்குத் தெரிவது ஒன்று. நோயாளி திறந்து காட்டப்படுவது வேறொன்று.

புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் வரும் ஒரு ஹதீஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் தம் மாணவர் அதாவுக்கு ஒரு கறுப்பினப் பெண்மணியைக் காட்டி, இவர் சுவர்க்கவாசி என்றார்கள். அப்பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, எனக்கு வலிப்பு வருகின்றது, அப்போது என் ஆடை விலகிவிடுகின்றது, எனக்காகத் துஆச் செய்யுங்கள் என்று கேட்டவர். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் உண்டு, விரும்பினால் குணமாகத் துஆச் செய்கின்றேன் என்று நபியவர்கள் இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தெரிந்தார். ஆனால் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யும்படி கேட்டார். நபியவர்கள் செய்தார்கள்.

இந்த ஹதீஸை மத்ரஸாவில் எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கின்றேன். பொறுமையின் சிறப்பு என்ற தலைப்பில்தான் எப்போதும் விளக்குவேன். அந்தப் பெண்மணி நோயை ஏற்றுக்கொண்டார், திறந்து கிடப்பதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது கொக்குவிலில் அந்த உம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சரி, முகவர் ஆதாரம் கேட்டது தவறா? இல்லை. அதையும் நேர்மையாகப் பேச வேண்டும். நம் நாட்டில் 'மெடிக்கல் போடுவது' என்ற சொல்லைக் கேட்டால் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு வரும். கலியாண வீட்டுக்குப் போக மெடிக்கல், பிள்ளையின் பரீட்சைக்கு மெடிக்கல், ஒன்றுமில்லாமல் படுத்துறங்கவும் மெடிக்கல்! இல்லாத நோய்க்குச் சான்று எடுப்பது பொய்ச் சாட்சியத்தில் சேரும் என்று நாம் எண்ணுவதில்லை. பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லும்போது, சாய்ந்திருந்த நபியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து எச்சரித்தது பொய்ச் சாட்சியத்தைத்தான். நமது பொய் மெடிக்கல்தான் உண்மையான நோயாளியின் கிளினிக் கொப்பியைக் கருமபீடத்தில் விரிக்க வைக்கின்றது என்றால் அது மிகையல்ல. விமான இருக்கைக்கும் ஹோட்டல் அறைக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிட்ட முகவர், காரணம் கேட்காமல் எல்லோருக்கும் திகதி மாற்றிக் கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான்.

ஆகவே கேட்கலாம். எதைக் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம், கேட்டதை என்ன செய்யலாம் என்பதுதான் விடயம்.

அல்லாஹ்வின் சட்டத்திலும் விதிவிலக்குகள் உண்டு. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பைப் பிற்போட சூரத்துல் பகராவின் 185 ஆம் வசனம் அனுமதிக்கின்றது. என்றாவது ஒரு நோயாளி பள்ளிவாசலில் வைத்தியர் கடிதம் கொடுத்து நோன்பை விட்டதுண்டா? தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்றிருப்பவர் தயம்மும் செய்வதற்கு, நம்பத்தகுந்த ஒரு வைத்தியரின் சொல் போதும், வைத்தியம் அறிந்தவராயின் அவருடைய சொந்த அறிவே போதும் என்று நமது ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. என்ன நோய் என்று இமாமுக்குச் சொல்ல வேண்டும் என ஒரு நூலிலும் நான் கண்டதில்லை. பெண்களின் விடயத்தில் இன்னும் நுணுக்கம் உண்டு. தலாக் சொல்லப்பட்ட பெண்ணின் இத்தா பற்றிப் பேசும் பகரா 228 ஆம் வசனம், தன் கர்ப்பப்பையில் உள்ளதை மறைக்க வேண்டாமென அவளுக்குக் கட்டளையிடுகின்றது. மாதவிடாய், கர்ப்பம் ஆகியவற்றில் அவளுடைய சொல்தான் ஏற்கப்படும் என்பதற்கு இதையே முஃபஸ்ஸிர்கள் ஆதாரமாக எடுத்தார்கள். அவளுக்கு மட்டுமே தெரிந்த விடயத்தில் அவளே சாட்சி. பொய் சொன்னால் அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில்.

ரமழான் மாதத்தில் உங்கள் குசினிக்குள் நடப்பதை நினைத்துப் பாருங்கள். நோன்பில்லாத நாளில் நீங்கள் மூலையில் நின்று ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கும்போது மகன் உள்ளே வந்துவிட்டால், கண்டும் காணாததுபோல் திரும்பிப் போவான். அவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. வீட்டில் இருக்கும் இந்த மரியாதை, அதே மகன் ஒரு காரியாலயத்தில் உட்கார்ந்ததும் எங்கே போய்விடுகின்றது?

பெண்களிடம் இப்படிக் கேட்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இந்தியாவில் நடந்த ஒரு வழக்கு இவ்விடயத்தில் தெரிந்திருக்க வேண்டியது. அது வாடிக்கையாளரின் வழக்கல்ல, வேலை பற்றியது. என்றாலும் அங்கே எழுந்த கேள்வி இதேதான். நீரா மாத்தூர் என்ற பெண் 1989 இல் இந்திய ஆயுள் காப்புறுதிக் கழகத்தில் வேலைக்கு விண்ணப்பித்தார். கழகத்தின் பெண் வைத்தியர் அவரைப் பரிசோதித்து, வேலைக்குத் தகுதியானவர் என்று கூறிவிட்டார். ஆனால் கழகத்தின் படிவத்தில் பெண்களுக்கென்றே சில கேள்விகள் இருந்தன. மாதவிடாய் ஒழுங்காக வருகின்றதா, கடைசியாக வந்த திகதி என்ன, எத்தனை முறை கருவுற்றீர்கள், எத்தனை பிள்ளைகள் நிறைமாதத்தில் பிறந்தன, கருச்சிதைவு ஏற்பட்டதுண்டா! அவர் வேலையில் சேர்ந்து, பிரசவ லீவில் போய், 1990 ஜனவரியில் பிள்ளை பெற்றார். லீவில் இருக்கும்போதே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். படிவத்தில் எழுதிய மாதவிடாய்த் திகதி பொய் என்று கழகம் வாதாடியது. 1991 ஒக்டோபர் 31 ஆம் திகதி இந்திய உயர் நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையான தவறு அந்தக் கேள்விகளில்தான் இருக்கின்றது, அவை ஒரு பெண்ணைக் கூசச் செய்பவை, அவமதிப்பவை என்ற கருத்தில், அவற்றைப் படிவத்திலிருந்து நீக்கும்படி கழகத்துக்குச் சொன்னது. நீராவுக்கும் வேலை திரும்பக் கிடைத்தது.

வேலைக்குத் தகுதியா என்பதுதான் கழகத்துக்குத் தேவையான விடை. அதைப் பெண் வைத்தியர் சொல்லிவிட்டார். அதற்குமேல் கேட்டதெல்லாம் தேவையற்றது.

இன்னோர் உதாரணம் சொல்லுகின்றேன். மௌலவி நாயைப் பற்றிப் பேசுகின்றாரே என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் கண் தெரியாதவர்களும் வலிப்பு நோயாளிகளும் பழக்கிய நாய்களைத் துணைக்கு வைத்திருக்கின்றார்கள். நாய்க்கு அனுமதியில்லாத கடைக்குள்ளும் அவர்கள் அதைக் கொண்டுபோகலாம். வலுவிழந்தோருக்காக அங்கே 1990 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், நாய் எதற்கென்று பார்த்தவுடன் விளங்காவிட்டால் கடைக்காரர் இரண்டே கேள்விகள் கேட்கலாம். வலுவிழப்பின் காரணமாகத் தேவைப்படும் நாயா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது? அத்தோடு சரி. உமக்கு என்ன நோய் என்று கேட்க முடியாது, வைத்தியச் சான்றைக் காட்டு என்று சொல்லவும் முடியாது. நாய் வளர்ப்பதில் நமக்கு வேறு சட்டம் இருக்கின்றது. ஆனால் தேவையான அளவோடு கேள்வியை நிறுத்திக்கொள்ளும் அந்த ஒழுங்கு நம்மிடமிருந்து போனதுதானே? துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று சூரத்துல் ஹுஜுராத்தின் 12 ஆம் வசனம் நம்மைத் தடுத்து எத்தனை நூற்றாண்டு ஆகின்றது!

நமது நாட்டுச் சட்டமும் இதில் வெறுங்கையாக இல்லை. அரச காரியாலயங்களிடம் எதையும் கேட்டறிய வழிவிட்ட 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே, ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றிக் கொடுக்கலாகாது என்று விலக்கி வைத்தது. பின்னர் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கம்பனிகளும் கடைகளும் திரட்டும் விபரங்களைப் பற்றியது அது. அதிலே நோய் விபரம் விசேட வகைத் தரவு. பெயர், விலாசத்தைவிடக் கூடிய பாதுகாப்புக்குரியது. எந்தத் தேவைக்கு வாங்கினார்களோ அதற்கே பயன்படுத்த வேண்டும், தேவைக்கு மிஞ்சி வாங்கக் கூடாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். மீறுவோருக்கு 1 கோடி ரூபா வரை தண்டம் விதிக்கவும் இடமுண்டு. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கியமான பகுதிகள் பிற்போடப்பட்டன. அதே வருடத்தில் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் முழுமையாக நடக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? ஒருவர் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாலே அது அமானிதம் என்று படித்த உம்மத்துக்கு அது தேவையில்லை.

இனிக் காரியத்துக்கு வருவோம். உங்களிடம் யாராவது வைத்தியச் சான்று கேட்டால் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கொப்பி வைத்தியருக்கும் உங்களுக்கும் இடையிலானது. அதில் இந்த மாத நோய் மட்டுமல்ல, பழைய பிரசவம், கருச்சிதைவு, மனத்துக்கு எடுத்த மாத்திரை என்று எல்லாம் இருக்கும். வைத்தியரிடம் தனியாக ஒரு கடிதம் கேளுங்கள். "இவர் இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை பயணம் செய்யத்தக்க நிலையில் இல்லை" என்ற ஒரு வரியும், வைத்தியரின் கையொப்பமும் பதிவிலக்கமும் இருந்தால் திகதி மாற்றுவதற்கு அதற்குமேல் என்ன வேண்டும்? காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். பிரதி வேண்டுமென்றால், எந்தத் தேவைக்காகக் கொடுக்கின்றீர்கள் என்பதைப் பிரதியின் குறுக்கே பேனையால் எழுதிக் கொடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால், இதை வாசிப்பவர் யார் என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். காட்டத்தான் வெட்கப்பட வேண்டும்.

நோயின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பதாக இருந்தாலும், கட்டுநாயக்காவிலிருந்து ஜித்தாவுக்குப் பறப்பதாக இருந்தாலும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர், ஒட்சிசன் தேவைப்படுபவர் போன்றோரின் முழு விபரம் விமானக் கம்பனிக்குத் தேவை. நடுவானில் உயிர் சம்பந்தப்பட்டது அது. ஆனால் அதற்கென்று தனி மருத்துவப் படிவம் இருக்கின்றது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் கம்பனியின் மருத்துவப் பிரிவினர், டிக்கட் எழுதுபவரல்ல. கர்ப்பிணிகளிடம் பெரும்பாலும் 28 வாரத்துக்குப்பின் சான்று கேட்பார்கள். எத்தனை வாரம், பிரசவம் எப்போது, சிக்கல் உண்டா என்பதோடு அது முடிகின்றது. முன்னைய பிரசவங்களின் சரித்திரத்தை டிக்கட் கருமபீடத்தில் ஒப்புவிக்க வேண்டியதில்லை. காப்புறுதிப் பணம் கேட்பதென்றாலும் நோயைச் சொல்லத்தான் வேண்டும், பழைய நோயை ஒளித்தால் அது மோசடி. அங்கேயும் கடித உறையை ஒட்டி, உரிய அலுவலரின் கையில் கொடுங்கள்.

கலியாணப் பேச்சையும் சொல்லிவிடுகின்றேன், ஏனென்றால் உங்களில் சிலர் மனத்தில் இந்நேரம் அது எழுந்திருக்கும். ஒரு பெண்ணுக்கு நோய் இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் அறிய வேண்டாமா? அறிய வேண்டும். பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபியவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் நபியவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். கேட்டவர் சம்பந்தப்பட்டவர், சொல்லப்பட்டது அவருக்குத் தேவையான அளவு, சொன்னது தனிமையில் நலன் நாடி. முப்பத்தொரு பேரின் கைப்பேசிக்கு நான்கு பக்கப் படம் போவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்தக் குடும்பம் தன் வாயால், தனக்குரிய நேரத்தில், மருந்தையும் குணத்தையும் சேர்த்து விளக்கிச் சொல்லியிருந்தால், பேச்சு நின்றுதான் இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? சொல்லும் உரிமையே அவர்களிடமிருந்து போய்விட்டது.

இந்தச் சஞ்சிகை வரும் வீடுகளில் கடை வைத்திருக்கும் கணவர்மார் இருக்கின்றார்கள். முகவர் நிலையங்களிலும் தனியார் வகுப்புகளிலும் கருமபீடத்தில் இருக்கும் மகன்மாரும் மகள்மாரும் இருக்கின்றார்கள். அவர்களுக்கு இதைச் சொல்ல என் ஜும்ஆ பயானைவிட உங்கள் சாப்பாட்டு மேசை நல்ல இடம். சிறுவராயிருந்த அனஸ் (ரழி) அவர்களை நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்ப, வீடு திரும்பத் தாமதமானபோது தாயார் காரணம் கேட்டார்கள். அது இரகசியம் என்றார் பிள்ளை. என்னவென்று அந்தத் தாய் வற்புறுத்தவில்லை. அல்லாஹ்வின் தூதருடைய இரகசியத்தை யாரிடமும் சொல்லாதே என்று மகனுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். பெற்ற தாய்க்கும் திறக்காத வாயை வளர்த்தது அந்தத் தாய்தான்.

முகவரோடு நான் பேசினேன். அவர் அன்றே படங்களைக் குழுவிலிருந்து அழித்தார், பையனையும் கூட்டிக்கொண்டு கொக்குவிலுக்குப் போனார். ஆனால் குழுவில் அழித்தால் முப்பத்தொரு கைப்பேசியிலும் அழிந்துவிட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. என்னுடையதில் படத் தொகுப்புக்குள் தேடிப் பார்த்தபோது நான்கும் அப்படியே இருந்தன. அழித்தேன்.

அடுத்த குழு புறப்படுவதற்கு முன்னும் பிள்ளையின் மருந்து விடயம் முடியாததால் மறுபடி திகதி மாற்ற வேண்டி வந்தது. இந்த முறை உம்மாவின் கையில் வைத்தியரின் ஒரு வரிக் கடிதம் மட்டும் இருந்தது. அதே பையன்தான் கருமபீடத்தில். வாசித்தான், திகதியைக் குறித்துக்கொண்டான், கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். உம்மா அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கொக்குவில் பஸ்ஸுக்குப் போனார்.